கேமரா ஃபைல் எடிட்டரில் திறக்கவில்லை: எதை மாற்றுவது?

படப்பிடிப்பு முடிந்து, மெமரி கார்டைச் செருகி, கிளிப்புகளை டைம்லைனில் இழுத்துப் போடும்போதுதான் தெரியவரும். 'இந்த வகை ஃபைலுக்கு ஆதரவு இல்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். சில நேரம் அந்தப் பெட்டிகூட வராது. திரை கருப்பாகக் கிடக்க ஒலி மட்டும் ஓடும். அல்லது படம் ஓடும், ஒலி இருக்காது. இன்னும் சில நேரம் எல்லாம் ஒழுங்காகத் திறந்துவிட்டு, பிளே பட்டனை அழுத்தியதும் நொண்டத் தொடங்கும்.

இந்த இடத்தில் பலரும் முதலில் கேட்பது, 'வேறு சாஃப்ட்வேருக்குப் போய்விடலாமா?' என்றுதான். நானும் அப்படி இரண்டு முறை மாறியிருக்கிறேன். இரண்டு முறையும் தேவையே இருக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது கேட்டால், சாஃப்ட்வேரை மாற்றுவதைக் கடைசியில் யோசிக்கலாம் என்பேன். அதற்கு முன்னால் ஃபைலை மாற்றலாம், கேமராவில் ஒரு செட்டிங்கை மாற்றலாம், புராக்ஸி எனப்படும் சிறிய தற்காலிக நகல் போடலாம், பிளக்-இன் சேர்க்கலாம், கம்ப்யூட்டரையே மாற்றலாம். எது சரி என்பது இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது. உங்கள் ஃபைலில் எந்தப் பகுதி திறக்கவில்லை? இந்தத் தொல்லை இந்த ஒரு வேலைக்கு மட்டுமா, வாராவாரம் வரப்போகிறதா?

முதலில் ஃபைலைப் பாருங்கள்

எம்பி4, எம்ஓவி, எம்கேவி, எம்எக்ஸ்எஃப் ஆகிய நான்கும் உறைகள். உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை உறை சொல்லாது. அந்த மொழிதான் கோடெக்: எச்.264, எச்.265 என்கிற எச்இவிசி, ஏவி1, புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர், இன்னும் பல. 'என் சாஃப்ட்வேர் எம்பி4 எடுக்கும், ஆனால் இந்த எம்பி4 மட்டும் திறக்கவில்லை' என்று சொல்பவருக்குப் பிரச்சினை உறையில் இல்லை, உள்ளே இருக்கிற மொழியில் இருக்கிறது.

மொழி தெரிந்திருந்தாலும் வட்டார வழக்கு புரியாமல் போகலாம். இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எச்.264 என்ற ஒரே பெயருக்குள் 8 பிட் 4:2:0 உண்டு, 10 பிட் 4:2:2வும் உண்டு. 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024 படிகள். 4:2:0, 4:2:2 என்பவை வண்ணத் தகவலில் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பதன் கணக்கு. ஃபோன்களும் இணைய வீடியோக்களும் பெரும்பாலும் 4:2:0 பக்கம் இருப்பதால், எல்லாச் சிப்புகளும் எல்லா எடிட்டர்களும் அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டன. 2017இல் வந்த பேனசோனிக் ஜிஎச்5 கேமராவுக்குள்ளேயே 10 பிட் 4:2:2 பதிவு செய்தது. 2020இல் கேனான் ஆர்5, சோனி ஏ7எஸ் 3 இரண்டும் அதையே எச்இவிசியில் சுருக்கித் தந்தன. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களும் அப்போது முழித்தார்கள், ஏனென்றால் அந்தக் கார்டுகளுக்கு 4:2:2வைப் பிரித்துப் படிக்கும் வசதியே இல்லை.

மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. ஃபைலை அதில் போட்டால் உறை, கோடெக், புரொஃபைல், பிட் ஆழம், வண்ணக் கணக்கு, ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுவதா, ஒலி எந்த வகை என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

'விஎல்சியில் நன்றாக ஓடுகிறதே' என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். விஎல்சி பிளேயர் தனக்கு வேண்டிய டிகோடர்களை, அதாவது கோடெக்கைப் பிரித்துப் படிக்கும் பகுதிகளை, தன்னோடே எடுத்து வருகிறது. அதில் ஓடினால் ஃபைல் கெட்டுப்போகவில்லை என்று நிம்மதி அடையலாம், அவ்வளவுதான். அதே காரணத்தால் கோடெக் பேக் என்று இணையத்தில் கிடைப்பதை நிறுவுவதும் பெரும்பாலும் வீண். டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டர்கள் பெரும்பாலும் சொந்த டிகோடர்களைத்தான் நம்புகின்றன. அந்தப் பேக்குகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏன் ஆதரவு இல்லை

இது வெறும் ஆர்வத்துக்கு அல்ல. 'அடுத்த அப்டேட்டில் வந்துவிடும், காத்திருக்கலாம்' என்பதும் ஒரு வழிதானே? அதை எடை போட இந்தப் பின்னணி உதவும்.

எச்இவிசி 2013இல் தரமாக வெளிவந்தது. அதன் காப்புரிமைகள் ஒரே கையில் இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட உரிமைக் கூட்டமைப்புகளில் பிரிந்து கிடக்கின்றன. இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளில் இதைச் சேர்த்தால் உரிமத் தொகையை யார் கட்டுவது என்ற கேள்வி வரும். ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 ஃபைல்களைத் திறப்பதில்லை, காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பு திறக்கும். தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை, உரிமக் கணக்கு அப்படி.

ரா, அதாவது சென்சார் தருவதைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் முறை, பக்கம் போனால் கதை இன்னும் சுவாரசியம். ஆப்பிள் 2018இல் புரோரெஸ் ரா கொண்டுவந்தது. அதே 2018இல் பிளாக்மேஜிக் தன் சொந்த ராவை, அதாவது சுருக்கமாகப் பிரா எனப்படும் பிளாக்மேஜிக் ராவை, வெளியிட்டது. பிளாக்மேஜிக்தான் ரிசால்வைத் தயாரிக்கும் நிறுவனம். புரோரெஸ் ரா ரிசால்வில் திறக்கத் தொடங்கியது 2025இல், 20.2 பதிப்பில்தான். ஏழு ஆண்டுகள்! கேமராவுக்குள் ராவைச் சுருக்கும் முறையின் மீது ரெட் என்ற கேமரா நிறுவனம் வைத்திருந்த காப்புரிமையை ஆப்பிள் 2019இல் எதிர்த்துப் பார்த்துத் தோற்றது. 2022இல் ரெட் நிக்கான் மீது வழக்குப் போட்டது, 2023இல் அது முடித்துக்கொள்ளப்பட்டது, 2024இல் நிக்கான் ரெட்டையே வாங்கிவிட்டது. ஒரு ஃபார்மட் உங்கள் சாஃப்ட்வேரில் இல்லை என்றால், அதன் பின்னால் இப்படி ஏதாவது இருக்கலாம்.

ஆகவே என் கணிப்பு இது: கேமரா புதிது, கோடெக் பொதுவானது என்றால் அப்டேட்டுக்காகச் சில மாதம் காத்திருக்கலாம். போட்டி நிறுவனத்தின் சொந்த ஃபார்மட் என்றால் காத்திருப்பதைத் திட்டமாக வைக்காதீர்கள்.

உறையை மட்டும் மாற்றுவது

வழிகளிலேயே மிக மலிவானது இது, அதிகம் மறக்கப்படுவதும் இதுதான். உள்ளே இருப்பது எச்.264, உங்கள் எடிட்டருக்கும் எச்.264 தெரியும், ஆனால் எம்கேவி உறையைத் திறக்கத் தெரியவில்லை. அப்படியானால் படத்தைத் தொடாமல் எடுத்து எம்பி4 அல்லது எம்ஓவி உறையில் போட்டால் போதும். எஃப்எஃப்எம்பெக் ஒரு வரிக் கட்டளையில் செய்யும், கட்டளை பிடிக்காதவர்களுக்கு ஷட்டர் என்கோடர் என்ற இலவச நிரல் இருக்கிறது. ஓபிஎஸ்ஸில் திரையைப் பதிவு செய்பவர்களுக்கு அதன் ஃபைல் மெனுவிலேயே இந்த வசதி உண்டு. தரம் ஒரு துளியும் குறையாது, ஏனென்றால் எதுவும் மறுபடி சுருக்கப்படவில்லை. வேகம் உங்கள் டிஸ்க் நகலெடுக்கும் வேகம்தான்.

ஒலி மட்டும் வராத ஃபைல்களுக்கும் இதன் ஒரு மாறுபாடு உதவும்: படத்தை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) ஆக்கி, எம்ஓவி உறையில் வைப்பது. பழைய ஏவிசிஎச்டி கேம்கோடர்களின் டால்பி ஒலிக்கும், லினக்ஸ் ரிசால்வில் நெடுங்காலம் தகராறு செய்த ஏஏசி ஒலிக்கும் பலர் பிடித்துக்கொண்ட வழி இது.

ஏவிசிஎச்டி பற்றி ஒரு எச்சரிக்கை. சோனியும் பேனசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த அந்த ஃபார்மட்டில் நீளமான பதிவு பல துண்டு ஃபைல்களாக உடையும். அவை ஒரே பதிவு என்ற தகவல் கார்டின் மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்து வந்தால், இணைப்பு வரும் இடத்தில் ஒலி சற்று வெட்டுப்படலாம். கார்டை முழுசாக, ஃபோல்டர் அமைப்போடு நகலெடுங்கள்.

உறை மாற்றம் தீர்க்காத ஒன்று, மாறும் ஃபிரேம் வேகம். ஃபோன்களிலும் திரைப் பதிவிலும் வரும். தொடக்கத்தில் உதடும் குரலும் சேர்ந்திருக்கும், பத்து நிமிடம் தாண்டினால் பிரிந்துவிடும். அதற்கு டிரான்ஸ்கோட்தான், அதாவது ஃபைலை மறுபடி புதிதாக எழுதுவதுதான் வழி.

டிரான்ஸ்கோட்: நம்பகமானது, ஆனால் இடம் தின்னும்

எடிட்டருக்கு மொழியே தெரியவில்லை, அல்லது வட்டார வழக்கு தெரியவில்லை என்றால், கடிதத்தை மொழிபெயர்த்துவிடுவது. புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர், சினிஃபார்ம் ஆகிய மூன்றும் இதற்கென்றே இருக்கும் இடைநிலைக் கோடெக்குகள். கேமரா ஃபைலில் பெரும்பாலான ஃபிரேம்கள் முன்பின் ஃபிரேம்களைச் சார்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு ஃபிரேமைக் காட்ட எடிட்டர் பலவற்றைப் புரட்ட வேண்டியிருக்கும். இடைநிலைக் கோடெக்கில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கிறது. அதனால் ஃபைல் பெரிது, கம்ப்யூட்டருக்கு வேலை குறைவு.

எவ்வளவு பெரிது? வினாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி எழுதும். அதே ஒரு மணி நேரம் 3840×2160 அளவில், வினாடிக்கு 30 ஃபிரேம் கணக்கில், புரோரெஸ் 422 ஆனால் ஏறத்தாழ 265 ஜிபி. புரோரெஸிலேயே உயர்தர வகையான எச்க்யூ என்றால் 400ஐத் தொடும். இலகுவான வகையான எல்டி என்றால் 185 அளவில் நிற்கும். கேமரா ஃபைலில் இல்லாத தரத்தை எச்க்யூ கொண்டுவந்துவிடாது. 8 பிட் 100 மெகாபிட் ஃபைலை எச்க்யூவுக்கு மாற்றுவது டிஸ்க் விற்பவருக்குத்தான் லாபம். அப்படிப்பட்ட ஃபைலுக்கு எல்டி போதும், கிரேடிங், அதாவது வண்ணத் திருத்தம், கனமாக இருந்தால் 422.

இங்கே நான் ஒருமுறை பட்டது. ஒரு கருத்தரங்கை இரண்டு கேமராவில், 10 பிட் லாகில் (பிறகு வண்ணம் திருத்த வசதியாக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் முறை) எடுத்திருந்தோம். எடிட்டர் ஒரு கேமராவின் ஃபைலைத் திறக்க மறுத்தது. பட்டியலில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ என்று இருந்தது. பெயரிலேயே உயர்தரம் என்று இருக்கிறதே என்று மொத்தத்தையும் இரவோடு இரவாக மாற்றினேன். வெட்டி ஒட்டி முடித்து வண்ணத்துக்கு வந்தபோது, மேடைக்குப் பின்னாலிருந்த வெளிர்நீலச் சுவர் பட்டை பட்டையாகத் தெரிந்தது. டிஎன்எக்ஸ்எச்ஆரில் எச்க்யூ 8 பிட். 10 பிட் வேண்டுமென்றால் எச்க்யூஎக்ஸ் எடுக்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து. 1024 படிகளில் இருந்த சுவரை 256 படிகளுக்கு நானே சுருக்கிவிட்டு, கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூல ஃபைல்களை அழிக்காமல் வைத்திருந்ததால் மறுபடி மாற்றி இணைக்க முடிந்தது. ஆனால் அந்த வாரக் கடைசி போனது போனதுதான்.

எந்தக் கருவியில் மாற்றுவது என்பதிலும் கவனம் தேவை. பலர் ஹேண்ட்பிரேக்கைச் சொல்வார்கள். நல்ல நிரல்தான், ஆனால் அது பார்ப்பவருக்குக் கொடுக்கும் ஃபைலைத் தயாரிப்பதற்கானது. எச்.264, எச்.265, ஏவி1 போன்றவற்றைத் தரவே பெரும்பாலும் பயன்படுகிறது. ஏற்கெனவே இறுக்கிய ஃபைலை இன்னொரு முறை இறுக்கிவிட்டு எடிட் செய்வது எனக்குப் பிடிக்காது. அவசரத்துக்கு, வண்ணத்தில் கை வைக்காத வேலைக்கு, பரவாயில்லை. எஃப்எஃப்எம்பெக்கும் ஷட்டர் என்கோடரும் இடைநிலைக் கோடெக்குகளைத் தரும். பிரீமியரில் திறக்காததை அடோபி மீடியா என்கோடரில் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றுக்குத் தெரியாதது மற்றதற்கும் பெரும்பாலும் தெரியாது. கேமரா நிறுவனமே தரும் நிரல்கள் சில ஃபைல்களுக்கு ஒரே வாசல். இன்ஸ்டா360யின் 360 டிகிரி ஃபைலை அதன் சொந்த ஸ்டுடியோ நிரலில் தைத்து எடுப்பது ஓர் உதாரணம்.

டிரான்ஸ்கோடில் தொலைந்துபோகும் சிலவும் உண்டு. டைம்கோட், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர முத்திரை, போகலாம். கோப்ரோ ஃபைலோடு வரும் ஜிபிஎஸ், கைரோ தகவல் போகலாம். கைரோஃப்ளோ என்ற நிரலை வைத்து ஆட்டத்தைக் குறைக்க நினைப்பவர்கள் மூல ஃபைலிலேயே அதை முடித்துவிட்டு மாற்றுவது நல்லது. ராவை மாற்றினால் ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ இரண்டும் படத்தோடு உறைந்துவிடும், ரா எடுத்ததன் பொருளே குறைந்துபோகும்.

புராக்ஸியும் டிரான்ஸ்கோடும் ஒன்றல்ல

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவிப்பவர்கள் நிறைய. புராக்ஸி என்பது மூல ஃபைலுக்குப் பதில் தற்காலிகமாக வைக்கும் சிறிய நகல். வெட்டி ஒட்டும்போது அது ஓடும், எக்ஸ்போர்ட் செய்யும்போது எடிட்டர் மூல ஃபைலுக்குத் திரும்பிப் போகும். அங்கேதான் சிக்கல். மூல ஃபைலையே திறக்கத் தெரியாத எடிட்டர் எங்கே திரும்பிப் போகும்? வெளியே வேறு நிரலில் புராக்ஸி செய்து கொண்டுவந்தாலும், கடைசியில் அந்தச் சின்ன நகல்தான் எக்ஸ்போர்ட் ஆகும்.

திறக்கிறது ஆனால் நொண்டுகிறது என்றால் புராக்ஸி அருமையான மருந்து. 1080 அளவு புரோரெஸ் புராக்ஸி ஒரு மணி நேரத்துக்கு 20 ஜிபி அளவுதான் பிடிக்கும். 265 ஜிபியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேமராவே மூல ஃபைலோடு சேர்த்துப் புராக்ஸியையும் பதிவு செய்யும் வசதி சோனி உள்ளிட்ட பல கேமராக்களில் இருக்கிறது. இன்னொரு நல்ல விஷயம், மூலத்தின் தரமும் தகவலும் அப்படியே கடைசிவரை கூட வரும். திறக்கவே இல்லை என்றால் மட்டும் இதில் நேரத்தை விடாதீர்கள்.

பிளக்-இன்

இதில் நீண்டு பேச ஒன்றுமில்லை. இருந்தால் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை. பிராவை பிரீமியரிலும் ஏவிட் எடிட்டரிலும் திறக்க பிளாக்மேஜிக்கே இலவசப் பிளக்-இன் தருகிறது. விண்டோஸில் எச்இவிசி திறக்காத எளிய எடிட்டர்கள் சில, இயங்குதளத்தின் டிகோடரை நம்பியிருப்பவை. அவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் எச்இவிசி நீட்டிப்பு போதுமானதாக இருக்கலாம். பிளக்-இன் வழியின் சங்கடம் ஒன்றுதான்: எடிட்டர் புதுப் பதிப்புக்குப் போகும்போது பிளக்-இன் பின்தங்கிவிடலாம். நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் எதையும் அப்டேட் செய்யாமல் இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை.

சாஃப்ட்வேரை மாற்றுவதென்றால்

ஐந்து பெயர்களை வைத்துப் பார்க்கலாம்.

ரிசால்வில் இலவசப் பதிப்பு தாராளமானது. ஆனால் எந்த இயங்குதளத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் ஃபார்மட் பட்டியல் மாறும். மேக்கில் நன்றாகத் திறக்கும் 10 பிட் 4:2:2 ஃபைல் விண்டோஸ் இலவசப் பதிப்பில் திறக்காமல் போகலாம். லினக்ஸ் நிலவரத்தை முன்பே சொன்னேன். இயங்குதளம் வாரியாக எது உண்டு, எது இல்லை என்று பிளாக்மேஜிக் ஒரு பட்டியலே வெளியிடுகிறது, அதை எடுத்துப் படித்துவிட்டு இறங்குங்கள். ஸ்டுடியோவை ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஏற்கெனவே இலவசப் பதிப்பில் பழகியவருக்கு, வேறு எடிட்டருக்குத் தாவுவதைவிட ஸ்டுடியோவுக்கு உயர்வது பெரும்பாலும் புத்திசாலித்தனம். கற்றது எதுவும் வீணாகாது.

பிரீமியர் சந்தாவில் ஓடுவது. பல கேமராக்களின் ஃபைல்கள் கலந்து வரும் இடத்தில் இதன் பழக்கம் நன்றாகவே இருக்கும். ஆனால் எதுவும் நிரந்தரம் இல்லை. விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் 2016இல் கைவிட்டது. அதைத் தொடர்ந்து 2018இல் பிரீமியர் குயிக்டைம் காலத்துப் பழைய கோடெக்குகள் பலவற்றுக்கான ஆதரவை நிறுத்தியது. நேற்றுவரை திறந்த ஃபைல் இன்று திறக்காமல் போவதும் நடக்கும். பழைய வேலைகளைக் காப்பகத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்.

ஃபைனல் கட் ஆப்பிள் சாதனங்களில் மட்டும். புரோரெஸ் குடும்பம் அதற்குத் தாய்வீடு. ஆப்பிள் சிப்பும் அதே வீட்டுப் பிள்ளை என்பதால் கேமரா எச்இவிசியும் வழுக்கிக்கொண்டு ஓடும். போட்டி நிறுவனத்தின் ரா பக்கம் போனால் வெளி ஆட்களின் பிளக்-இன்னைத் தேட வேண்டிவரும்.

கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் திறந்த மூலம், இரண்டுக்கும் அடியில் எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. அதனால் சுருக்கிய கேமரா ஃபைல் எதுவானாலும் பெரும்பாலும் திறந்துவிடும். எம்கேவி, ஏவி1, பழைய கேம்கோடர் ஃபைல் எல்லாம் சரி. மாறும் ஃபிரேம் வேகத்தைக் கண்டுபிடித்து 'மாற்றித் தரட்டுமா' என்று ஷாட்கட் கேட்கும்போது எனக்கு அதன்மேல் தனி மரியாதை வரும். பிரா போன்ற மூடிய ரா ஃபார்மட்டுகள் இவற்றில் நடக்காது. வண்ண வேலையும் நெடுங்காலம் 8 பிட்டை ஒட்டியே இருந்தது. லாகில் எடுத்து ஆழமாகக் கிரேடிங் செய்பவர் இங்கே வந்து ஏமாற வேண்டாம்.

மாறுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். எக்ஸ்எம்எல், ஏஏஎஃப் போன்ற பரிமாற்ற ஃபைல்கள் வெட்டுகளைக் கொண்டுபோகும். எஃபெக்ட், டைட்டில், வண்ணம் எல்லாம் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். விரல்களுக்குப் பழகிய ஷார்ட்கட்டுகளும் போகும். ஒரே ஒரு கேமராவின் ஃபைலுக்காக இதையெல்லாம் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்படியே மாறினாலும், சோதனைப் பதிப்பில் உங்கள் சொந்தக் கிளிப்பைப் போட்டு, வெட்டி, எக்ஸ்போர்ட் வரை போய்ப் பார்த்த பிறகு மாறுங்கள். விளம்பரத்தில் 'எச்இவிசி ஆதரவு' என்று இருப்பது உங்கள் 10 பிட் 4:2:2வுக்கான வாக்குறுதி ஆகாது.

கம்ப்யூட்டரா, கேமராவா

ஃபைல் திறக்கிறது, வேகம்தான் இல்லை, இதே கேமராவில்தான் தினமும் வேலை என்றால் கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்கலாம். எச்இவிசி 10 பிட் 4:2:2வைச் சிப்பிலேயே பிரித்துப் படிக்கும் வசதி இன்டெலின் 11ஆம் தலைமுறைச் சிப்புகளோடு பரவலானது. 2020இல் வந்த ஆப்பிள் எம்1இலும் உண்டு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான், 2025இல், 4:2:2 வந்தது. இதனால் ஒரு விநோதம்: இந்த ஒரு வேலையில், சாதாரண இன்டெல் சிப்புக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பழைய கார்டைத் தோற்கடிக்கும். ஆனால் இன்டெல் டெஸ்க்டாப் சிப்பின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் அந்த கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, பிறகு கை பிசைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேமராவில் செட்டிங்கை மாற்றுவது எடுத்து முடித்த ஃபைலுக்கு உதவாது, அடுத்த படப்பிடிப்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சோனி ஏ7எஸ் 3இல் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்இவிசி, எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264. இரண்டிலும் 10 பிட் 4:2:2 எடுக்கலாம், ஆகவே படத்தில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு ஒன்றும் இல்லாமலே மாறிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகச் சேமிக்கும் எஸ்-ஐ முறையும் அதில் உண்டு. எடிட்டிங் இலகு, கார்டு சீக்கிரம் நிறையும். ஐஃபோனில் கேமரா ஃபார்மட் செட்டிங்கில் இணக்கம் அதிகமுள்ளதைத் தேர்ந்தால் எச்.264 வரும். ஆனால் 4கேயில் 60 ஃபிரேம் வேண்டுமென்றால் எச்இவிசி பக்கமே இருக்க வேண்டும். எச்டிஆர் வீடியோவை அணைத்து வைத்தால், 'திறக்கிறது, ஆனால் எல்லாம் வெளுத்துப்போய் இருக்கிறது' என்ற இன்னொரு புலம்பலும் நிற்கும். அடோமாஸ் போன்ற வெளி ரெக்கார்டரில் நேராகப் புரோரெஸாகவே பதிவு செய்பவர்களுக்கு டிரான்ஸ்கோட் என்ற கட்டமே இல்லை. தூக்கிச் சுமக்க ஒரு பொருள் கூடும்.

நான் எதை எடுப்பேன்

யாரோ கொடுத்த கிளிப், ஒரே வேலை: உறை மாற்றம், அது போதாவிட்டால் டிரான்ஸ்கோட். நான்கு பேர் நான்கு கருவிகளில் எடுத்துக் கொடுத்திருந்தால், எது திறக்கும் எது திறக்காது என்று தனித்தனியாகச் சோதிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கோடெக்குக்கும் ஒரே ஃபிரேம் வேகத்துக்கும் மாற்றிவிடுவேன். டிஸ்க் இடம் போகும், தலைவலி போகும். சொந்தக் கேமராவில் வாராவாரம் இதே தொல்லை என்றால் கேமரா செட்டிங்கில் கை வைப்பேன், அது முடியாதபோது கம்ப்யூட்டர். ரா எடுப்பதே பிழைப்பு என்றால் மட்டும் சாஃப்ட்வேரை மாற்றச் சொல்வேன், ஏனென்றால் அங்கே கேமரா எந்தக் குடும்பமோ எடிட்டரும் அந்தக் குடும்பமாக இருப்பதுதான் வசதி. எந்த வழியானாலும் மூல ஃபைல்களை அழிப்பதில்லை. புதுக் கேமராவோ புது செட்டிங்கோ கைக்கு வந்தால், முதலில் பத்து வினாடி எடுத்து எக்ஸ்போர்ட் வரை ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

போன மாதம் ஒரு நண்பர் பதறிப்போய் அழைத்தார். மூன்று மணி நேர நேரலைப் பதிவு, எடிட்டர் எடுக்கவே மாட்டேன் என்கிறது, மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். மீடியாஇன்ஃபோவில் போட்டு என்ன வருகிறது என்று வாசிக்கச் சொன்னேன். எம்கேவி உறை, உள்ளே எச்.264, 8 பிட், 4:2:0, நிலையான ஃபிரேம் வேகம். உறையை மாற்றச் சில நிமிடம் பிடித்தது. அதற்குள் அவர் வேறொரு எடிட்டரின் இன்ஸ்டாலரை முக்கால்வாசி டவுன்லோட் செய்திருந்தார்.